கரகரப்புக்கு ஐ.சி.யைக் குறை சொல்லாதீர்கள்

ஆவடியை அடுத்த வெள்ளானூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் ஆசையோடு கட்டிப் பார்க்க ஏற்றது எல்.எம். 386 ஆம்ப். எட்டுக் கால் ஐ.சி., சின்ன ஸ்பீக்கர், 9 வோல்ட் மின்சாரம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். கட்டி முடித்து, செல்போனை இணைத்துப் பாட்டைப் போட்டால் குரல் உடைந்து கரகரக்கும். 'டூப்ளிகேட் ஐ.சி.' என்று உடனே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். போலி உண்டுதான், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உள்ளே போகும் சிக்னலை.

இந்த ஐ.சி. வேறெதுவும் சேர்க்காமலே சிக்னலை 20 மடங்கு பெருக்கும். 9 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுமார் 2.4 வோல்ட் வரைதான் தர முடியும். அப்படியானால் உள்ளே 0.12 வோல்ட் போதும். ஹெட்போன் துளையிலிருந்து முழு வால்யூமில் வருவதோ அரை வோல்ட், சில போன்களில் ஒரு வோல்ட். அரை வோல்ட்டை இருபதால் பெருக்கினால் 10 வோல்ட். கையில் உள்ள மின்சாரமே 9 தான். அலையின் முகடும் பள்ளமும் சீவப்பட்டுத் தட்டையாகிவிடும். காதில் விழும் கரகரப்பு அதுதான்.

1, 8 ஆகிய கால்களுக்கு இடையே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் பெருக்கம் 200 மடங்காகிவிடும். சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் மைக்குக்கு அது வேண்டும். போனுக்கு வேண்டவே வேண்டாம். சர்க்யூட் படத்தில் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக் கூடாது.

சரிசெய்ய மூன்று ரெசிஸ்டர் போதும். போனின் இடது, வலது வயர்களை நேராக முறுக்கி ஒன்றாக்காதீர்கள். ஒன்றின் வெளியீடு மற்றொன்றை இழுக்கும். இரண்டிலும் தலா ஒரு 10 கே (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு) போட்டு, மறுமுனைகளைச் சேருங்கள். சேருமிடத்திலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 கே (பழுப்பு, கறுப்பு, சிவப்பு). அதே இடத்திலிருந்து சிக்னலை ஆம்புக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் அரை வோல்ட் வந்தால், ஐ.சி.க்குப் போவது சுமார் 0.08 வோல்ட், ஸ்பீக்கருக்கு 1.7 வோல்ட். ஒரு வோல்ட் தரும் போன் என்றால் வால்யூமைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஆம்பில் வால்யூம் குமிழ் இருக்கும்போது இந்த ரெசிஸ்டர்கள் எதற்கு என்று கேட்கலாம். குமிழ் மட்டும் இருந்தால் கொஞ்சம் திருப்பியதுமே அலறும், மீதிச் சுற்று வீண். ரெசிஸ்டர் முன்னால் இருந்தால் முழுச் சுற்றும் பயன்படும்.

புது ஐ.சி. வாங்க ரயிலேறும் முன் இதைச் செய்து பாருங்கள்.