நத்தை இட்ட முட்டை



ஒரு தவணை விடுமுறைக்கு முன்னர், நம் நான்காம் ஆண்டு மாணவர்கள் இருவர் பெரிய நத்தைகள் இரண்டைப் பிஸ்கட் டின் ஒன்றில் இட்டு வகுப்பறைக்குக் கொண்டு வந்தனர். டின்னின் அடியில் ஈரமண், அதன்மேல் கீரைத்தழை, மூடியில் ஆணியால் இட்ட துளைகள். விடுமுறையில் அவர்களுள் ஒருவன் டின்னைத் தன் வீட்டிற்கு எடுத்துச் சென்று, நாள்தோறும் தழை இட்டுக் காத்து வந்தான். பள்ளி திறந்த அன்று காலை இருவரும், “ஐயா! முட்டை!” எனக் கூவியவாறு என் அறைக்குள் ஓடி வந்தனர். மண்ணைச் சற்றே விலக்கிப் பார்த்தேன். மிளகளவில், இளமஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் முட்டைகள் குவியலாய்க் கிடந்தன. எண்ணிப் பார்த்ததில் 137 இருந்தன.

“இவ்விரண்டில் தாய் எது ஐயா?” என்று ஒருவன் வினவினான். “இவற்றை என்ன செய்வது?” என்று மற்றவன் கேட்டான். முதல் வினாவிற்கு அறிவியல் விடை கூறும். இரண்டாம் வினாவிற்கு நாமே விடை கூறியாக வேண்டும்.

நம் தோட்டங்களில் மழைக்குப் பின் பெருமளவில் காணப்படும் இந்நத்தை, ஆப்பிரிக்கப் பெருநத்தை எனப்படும். இதன் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்கா. மனிதனே இதனை நாடுதோறும் கொண்டு சென்றான். 1847ஆம் ஆண்டில் மொரீசியசுத் தீவிலிருந்து கல்கத்தாவிற்கு இது கொண்டு வரப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியது.

கோழியில் சேவல் வேறு, பெட்டை வேறு. நத்தையிலோ அவ்வேறுபாடு இல்லை. ஒவ்வொரு நத்தையின் உடலிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் சேர்ந்தே உள்ளன. இத்தகைய உயிர்களை இருபாலுயிர்கள் என்பர். நத்தை பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் முதிர்ச்சி அடைகிறது. முதலில் விந்தணு உண்டாகும் பகுதியும், பின்னர்ச் சினைமுட்டை உண்டாகும் பகுதியும் வளர்ச்சி பெறுகின்றன. இருபால் உறுப்புகள் இருந்தபோதிலும் ஆப்பிரிக்கப் பெருநத்தை பொதுவாகத் தனித்துக் கருவுறுவதில்லை, துணையை நாடுகிறது. இரவு நேரத்தில் இரு நத்தைகள் இணைந்து, பல மணி நேரம் அந்நிலையிலேயே இருக்கும். ஒத்த பருமனுள்ள நத்தைகளாயின் இரண்டும் ஒன்றுக்கொன்று விந்தணுவை வழங்குகின்றன. பின்னர் இரண்டுமே முட்டையிடக்கூடும். எனவே, “தாய் எது?” என்ற வினாவிற்கு, “இரண்டுமே தாய், இரண்டுமே தந்தை” என்பதே விடை.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும். பெற்ற விந்தணுவை நத்தை தன் உடலில் பல மாதங்கள் சேமித்து வைக்க வல்லது. ஆகவே, “ஒரே ஒரு நத்தைதானே வளர்க்கிறோம், முட்டை எவ்வாறு வரும்?” என்று கவலையற்று இருத்தல் கூடாது. பிடிபடும் முன்பே அது இணைந்திருக்கலாம்.

இணைந்து இரண்டு அல்லது மூன்று வாரங்களில் நத்தை ஈரமண்ணில் குழி தோண்டி, அதனுள் தலையை நுழைத்து முட்டையிடும். முட்டை வெளிவரும் துளை, தலையின் வலப்புறத்தில், கொம்பிற்குச் சற்றுப் பின்னால் உள்ளது. முட்டைகள் ஒவ்வொன்றாக அத்துளை வழியாக வெளிவந்து குழியில் விழும். ஒரே தடவையில் நூறு முதல் இருநூறு முட்டைகள் வரை இடுவது இயல்பு. முதிர்ந்த பெருநத்தை அதனினும் மிகுதியாக இடுவதுண்டு. முட்டையிட்ட பின் நத்தை அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அடை காப்பதும் இல்லை. மண்ணின் ஈரமும் நம் நாட்டின் வெப்பமுமே அவற்றைப் பொரிக்கின்றன.

முட்டை ஒவ்வொன்றிற்கும் சுண்ணாம்பாலாகிய மெல்லிய ஓடு உண்டு. ஆதலால் நத்தைக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. வெள்ளையடித்த சுவர்களை நத்தை இரவில் சுரண்டித் தின்பதை நீங்கள் கண்டிருக்கலாம். டின்னில் வளர்ப்போர், கழுவி உலர்த்திய கோழிமுட்டை ஓட்டைப் பொடித்து இடுதல் வேண்டும். முட்டைகள் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு, பிறக்கும்போதே முதுகில் ஓட்டுடன் பிறக்கிறது. அதன் முதல் உணவு அது வெளிவந்த முட்டையோடேயாகும். சில நாள்கள் மண்ணுக்குள்ளேயே தங்கியிருந்து, பின்னரே இரை தேடி மேலே வரும்.

மாணவர்களே, இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நத்தை இட்ட இருநூறு முட்டைகளுள் பத்து மட்டுமே பிழைத்து வளர்வதாகக் கொள்வோம். கோழிக்குஞ்சுகளாயின் பத்தில் பாதி சேவலாய்ப் போகும். நத்தையிலோ பத்தும் முட்டையிடும். அவற்றிற்கும் பத்துப் பத்துப் பிழைத்தால் நூறு. அடுத்த தலைமுறையில் ஆயிரம்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 1966ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவிற்குச் சென்று திரும்பிய சிறுவன் ஒருவன், மூன்று நத்தைகளை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள மயாமி நகருக்குக் கொண்டு வந்தான். அவனுடைய பாட்டியார் அவற்றை வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டார். ஏழாண்டுகளில் அங்குக் கண்டெடுக்கப்பட்டவை 18,000-க்கும் மேற்பட்ட நத்தைகள். 1975இல் அவை முற்றாக ஒழிக்கப்படுவதற்குள் ஏறத்தாழப் பத்து இலட்சம் டாலர் செலவாயிற்று. 2011இல் மயாமி வட்டாரத்தில் அவை மீண்டும் தலைகாட்டின. அவற்றை ஒழித்துவிட்டதாக அறிவிக்க 2021ஆம் ஆண்டு வரை பாடுபட வேண்டியிருந்தது.

நத்தையின் தீங்கைத் தோட்ட மக்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. கீரைப் பாத்தியை ஒரே இரவில் மொட்டையாக்கும். நாற்றுமேடையில் ரப்பர்க் கன்றுகளின் இளந்தளிரைக் கடிக்கும். வெட்டுப்பட்டையில் ஏறிப் பாலைக் குடிக்கும். மங்கிலுள்ள பாலையும் விடாது. பாடுபட்டவரின் உழைப்பு இவ்வாறு குறைகிறது.

நானும் இதில் ஒரு பிழை செய்தவனே. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பள்ளியில் பணியாற்றியபோது, மாணவர்கள் வளர்த்த நத்தை முட்டையிட்டது. அழிப்பது பாவம் எனக் கருதி, முட்டைகளைப் பள்ளியின் பின்புறம் கொட்டிவிடுமாறு கூறினேன். அடுத்த மழைக்காலத்தில், மாணவர்கள் தம் கையால் நட்டு நீரூற்றி வளர்த்த பயிற்றங்கொடியும் கீரையும் நத்தைகளுக்கு இரையாயின. வெறும் பாத்தியின் முன் அப்பிள்ளைகள் நின்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை. முட்டையின்பால் நான் காட்டிய இரக்கத்திற்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

இதனை நம் மாணவர்கள் இருவரிடமும் கூறினேன். சற்று நேரம் மௌனமாய் நின்றனர். பின்னர் அவர்களே, “கொட்ட வேண்டாம் ஐயா” என்றனர். அன்றே முட்டைகளை ஒரு பாத்திரத்தில் இட்டுக் கொதிநீரை நானே ஊற்றினேன். பொரிந்த பின் அழிப்பதைக் காட்டிலும், இட்டவுடன் அழிப்பதே மேல். நத்தைகள் இரண்டும் டின்னிலேயே நலமாய் உள்ளன. வாரந்தோறும் மண்ணைக் கிளறி முட்டை தேடுவது இப்போது நான்காம் ஆண்டின் கடமைகளுள் ஒன்று.

வீட்டில் நத்தை வளர்க்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள். டின்னின் மூடி இறுக்கமாய் இருக்கட்டும். மண் நான்கு அங்குல ஆழத்திற்கு மேல் வேண்டியதில்லை. ஆழம் மிகுந்தால் முட்டை கண்ணில் படாது. மண்ணை மாற்றும்போது பழைய மண்ணை அப்படியே வெளியில் கொட்டாமல், கொதிநீர் ஊற்றிய பின்னரே கொட்டுக.

அனைத்திலும் முக்கியமானது உடல்நலம். எலியின் நுரையீரலில் வாழும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் நத்தையின் உடலில் வளர்கிறது. அப்புழு மனிதனின் வயிற்றுக்குள் சென்றால் மூளையைச் சூழ்ந்துள்ள சவ்வில் அழற்சியை உண்டாக்கும். ஆகவே, நத்தையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவாமல் எதனையும் உண்ணாதீர். தாய்மார்கள் கீரையை நன்கு அலசிச் சமைப்பார்களாக.

நத்தையை வளர்ப்பது தவறன்று. அதன் வழியாக உயிரின் விந்தையை நம் பிள்ளைகள் கண்ணாரக் கண்டனர். அது பாடநூலால் மட்டும் வந்துவிடாது. ஆயினும், ஓர் உயிரை நம் கூரையின்கீழ் கொண்டு வருபவன், அதன் முட்டைக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். இவ்வொரு பாடத்தை நம் மாணவர்கள் நெஞ்சில் நிறுத்துவார்களாயின், அந்தப் பிஸ்கட் டின் நம் பள்ளிக்கு வந்ததும் நன்றே என்பேன்.