டீசல் செலவில் ஒளிந்திருக்கும் லாபம்



நம்மில் பலர் சர்க்கரை மூடைக்கு ஐந்து ரூபாய் குறைத்துக் கேட்டால் அரை மணி நேரம் பேரம் பேசுவோம். அதே நாளில் கடை வாசலில் இஞ்சின் ஓடியபடி நிற்கும் நம் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். நானும் அப்படி இருந்தவன்தான். திண்டுக்கல்லில் மொத்த மளிகை வியாபாரம் செய்துவரும் நான், எனக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தையும், அதில் தெரிந்துகொண்ட சில விஷயங்களையும் இங்கே எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் டீசல் செலவு திடீரென்று ஏறியது. விலை ஏறியதால் அல்ல. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துவந்த வேன் 12 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி அது. 160 லிட்டர் பிடிக்க வேண்டிய இடத்தில் 200 லிட்டர் பிடித்தது. லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் மாதம் 3,680 ரூபாய் வீண். எங்கள் கடைக் கணக்கில் ஒரு மூடை சர்க்கரைக்கு எல்லாம் போக 20 ரூபாய் நிற்கும். அப்படியானால் மாதத்தில் 184 மூடை சர்க்கரையை லாபமே இல்லாமல் ஏற்றி இறக்கியிருக்கிறோம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதில் சேர்க்கப்படவில்லை. இன்றும் வெளியில்தான் இருக்கின்றன. சரக்கு வண்டியின் டயருக்கும் ரிப்பேருக்கும் கட்டிய வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத வியாபாரிகள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். டீசலில் கட்டுகிற வரியில் ஒரு பைசாவும் திரும்பி வராது. முழுக்க முழுக்கக் கைச்செலவு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரைவரைச் சந்தேகித்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக எங்களிடம் இருப்பவர். டேங்க் மூடிக்குப் புதுப் பூட்டு போட்டேன். பங்க் ரசீதைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். ஒருநாள் காலையில் கிட்டங்கி வாசலில், லோடுமேன்கள் நான்கு பேர் இருக்கும்போதே, "என்னப்பா, டீசல் எல்லாம் எங்கே போகுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. சாவியைக் கல்லா மேசையில் வைத்தார். "முதலாளி, ஒருநாள் நீங்களே கூட வந்து பாருங்க. அப்புறம் சாவியை யாருக்கு வேணும்னாலும் கொடுங்க" என்றார்.

மறுநாள் வண்டியில் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். செம்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று மாலைவரை சுற்றினோம். அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டது, அதற்கு முன் முப்பது வருடம் டீசல் பில் மட்டும் பார்த்துத் தெரியாமல் போனது.

முதலாவது, சரக்கு போகும் வரிசை. கடையில் பில் போட்ட வரிசையிலேயே சரக்கை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். போட்டவன் என் மகன். ஆகவே நிலக்கோட்டையில் ஒரு கடைக்கு இறக்கிவிட்டு வத்தலக்குண்டு போய், மறுபடி நிலக்கோட்டைக்கே திரும்பி வரவேண்டியிருந்தது. கடைசியில் இறக்க வேண்டிய எண்ணெய் டின்கள் கதவோரத்தில் இருந்ததால் ஒவ்வொரு கடையிலும் அவற்றை இறக்கி வைத்து மறுபடி ஏற்றினார்கள். அவ்வளவு நேரமும் கனமான சரக்கும் நாள் முழுவதும் வண்டியிலேயே பயணம் செய்தது.

இரண்டாவது, காத்திருப்பு. ஒரு கடையில் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இன்னொரு கடையில் சரக்கு வைக்க இடம் ஒழிக்கவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று இஞ்சின் ஓடியபடியே நின்றோம். ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "அடிக்கடி ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி போயிடும்னு நீங்கதானே முதலாளி சொன்னீங்க" என்றார். உண்மைதான். பழைய மட்டடார் வேன் காலத்தில் சொன்னேன்! காலையில் தள்ளினால்தான் கிளம்பும் வண்டிக்குச் சொன்ன புத்தி அது. சிறிய டீசல் இஞ்சின் சும்மா நின்றால்கூட மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். ஒரு நாளைக்கு எல்லாக் கடையும் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் நின்றோம் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் உண்மையான திருடன். மாலையில் வத்தலக்குண்டில் டீக்கடை ஓரம் நிறுத்தியபோது பின் இடது சக்கரத்தின் பக்கம் போனேன். சூடு முகத்தில் அடித்தது. மற்ற மூன்று சக்கரமும் சாதாரணமாக இருந்தன. மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக் ஷூ விடாமல் டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது என்றார். ஒரு காலால் பிரேக்கை மிதித்தபடி மூடை சுமந்ததற்குச் சமம். டயர் காற்றும் இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. பாரம் ஏற்றும் வண்டியில் டயர் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

மத்திய அரசின் பெட்ரோலியத் துறையைச் சார்ந்து 1978 முதல் இயங்கும் பி.சி.ஆர்.ஏ. என்ற எரிபொருள் சிக்கன நிறுவனம் இதை விளக்கமாகச் சொல்கிறது. டயர் காற்று கால் பங்கு குறைந்தால் எரிபொருள் செலவு நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூடும் என்பது அவர்கள் கணக்கு. காற்று அளவு எவ்வளவு என்பதை டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்திலோ வண்டிப் புத்தகத்திலோ போட்டிருப்பார்கள். பாரத்தோடு ஓடுவதற்குத் தனி அளவு இருக்கும். அதைப் பார்க்க வேண்டும். காலையில் டயர் சூடாகுமுன் பிடிப்பதே சரி. பங்கில் இலவசமாகப் பிடிக்கிறார்கள். அதற்கும் நமக்கு நேரம் இல்லை!

வேகத்தைப் பற்றியும் அதே நிறுவனம் சொல்கிறது. 80 கிலோமீட்டரில் ஓட்டுவதைவிட 45 முதல் 55 கிலோமீட்டரில் ஓட்டினால் கார்களில் 40 சதவீதம்வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நம் சரக்கு வண்டிகளோ முகம் தட்டையானவை. அதன் மேல் கேபினைத் தாண்டி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாயைச் சரியாகக் கட்டாமல் படபடவென்று அடிக்கவிட்டால், பாய் விரித்த கப்பலைப் பின்னோக்கி ஓட்டின கதைதான். நான்குவழிச் சாலை வந்ததிலிருந்து பையன்களுக்கு 80க்குக் கீழே முள் இறங்குவதே இல்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போவதற்குள் அதனால் மிச்சமாவது கொஞ்ச நேரம்தான். அதையும் மதுரைக்குள் நுழைந்த முதல் சிக்னல்களிலேயே விட்டுவிடுகிறோம்.

இப்போது வரும் வண்டிகளில் நமக்கு உதவ நிறைய வசதிகள் வைத்திருக்கிறார்கள். குட்டி யானை என்று நாம் செல்லமாகச் சொல்லும் டாட்டா ஏஸ் 2005ல் வந்தபோது அதன் மீட்டர் பலகையில் வேகம், டீசல், சூடு இவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது. 2019ல் வந்த டாட்டா இன்ட்ரா போன்ற வண்டிகளில், கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று அம்புக்குறி காட்டுகிறது. எக்கோ என்று ஒரு சுவிட்சும் இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். எக்கோ சுவிட்சைப் போட்டால் இஞ்சின் இழுவையைச் சற்று அடக்கி எரிபொருளை மிச்சம் பிடிக்கும். சமதளத்தில், பாதி லோடில் அதைப் போட்டே ஓட்டலாம். முழு லோடில் மேடு ஏறும்போது அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுவை போதாமல் கியரைக் குறைத்துக் குறைத்து ஏறி, மிச்சம் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

கியர் அம்பு இல்லாத வண்டியில் காதுதான் மீட்டர். இஞ்சின் கத்த ஆரம்பிக்குமுன் மேல் கியருக்குப் போய்விட வேண்டும். அதற்காக வண்டி உதறும் அளவுக்கு மேல் கியரில் இழுக்கவும் கூடாது. கிளட்ச் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுகிற பழக்கம் டீசலையும் தின்னும், கிளட்ச் தட்டையும் தின்னும். சிலவற்றில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று ஓடும்போதே காட்டும் எண்ணும் இருக்கிறது. அதை ஒரு வாரம் பார்த்து ஓட்டினால் எந்தக் கால் மிதிக்கு என்ன விலை என்பது டிரைவருக்கே புரிந்துவிடும். ஆனால் அந்த எண்ணைக் கணக்கில் எழுதாதீர்கள். டேங்கை நிரப்பி, ஓடி, அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்து வருவதுதான் நாள்வழியில் ஏற வேண்டிய எண். சொந்தக் காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளுங்கள், வெளிச்சாலை வேகத்தில் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போடுவதே மேல்.

மலை இறக்கத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மட்டடார் காலத்தில் எங்களிடம் ஒரு பையன் வேலை பார்த்தான். கொடைக்கானலுக்குச் சரக்கு கொண்டுபோய், பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவான். இறக்கம் முழுவதும் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டி வந்து, டீசல் மிச்சம் என்று பெருமையாகச் சொல்வான். நானும் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், ஒரு வளைவில் மலைப் பக்கம் உரசி நிறுத்தினான். எதிர்ப்பக்கம் பள்ளம். அவனுக்குக் கை முறிந்ததோடு போயிற்று. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம், மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்த பாராட்டுத்தான் நினைவுக்கு வரும்.

இத்தனைக்கும் அதில் மிச்சமே கிடையாது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றும். இஞ்சினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள டீசல் குடிக்கும். இஞ்சினையே அணைத்துவிட்டால் பவர் பிரேக்கும் பவர் ஸ்டியரிங்கும் கைவிட்டுவிடும். ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, டீசலுக்கும் சரி.

சரி, எங்கள் கணக்குக்கு வருகிறேன். பிரேக் சரிசெய்து, டயர் காற்று பிடித்து, நிற்கும் இடத்தில் இஞ்சினை அணைத்ததில் வண்டி பதினைந்தரைக்கு வந்தது. ஊர் வரிசையில் சரக்கு ஏற்ற ஆரம்பித்ததில் மாத ஓட்டம் 2,400லிருந்து 2,050 கிலோமீட்டராகக் குறைந்தது. 200 லிட்டர் பிடித்த இடத்தில் இப்போது 132 லிட்டர். வரிசையைப் போட்டுக் கொடுத்தவர் எங்கள் டிரைவர்தான். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தத் தெருவில் சந்தையன்று வண்டி நுழையாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இத்தனை வருடமும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

நான்கு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு அதே நான்கு பேர் முன்னால்தான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க முதலாளி" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டார். டேங்க் பூட்டின் சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. மிச்சமாகும் டீசல் பணத்தில் பாதியைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் கணக்கில் வரவு வைக்கிறோம். கொடுத்ததைவிட வந்தது அதிகம் என்பதால் என் மகனும் மறுக்கவில்லை.

சில்லறைக் கடை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வண்டி வரும் நாள் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அன்று சரக்கு வைக்க இடம் ஒழித்து, காலி டின்களையும் சாக்குகளையும் எண்ணிக் கட்டி, பழைய பாக்கிச் சிட்டையைக் கையில் வைத்திருங்கள். அவசரமாக அரை மூடைக்குத் தனியாகப் போன் போடாமல், இரண்டு நாள் முன்பே சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் வண்டி செம்பட்டி பக்கம் செவ்வாயும் வெள்ளியும் வரும்.