லேப்ராஸ்கோபியா, ரோபோட்டிக்கா? எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாலிசியை எடுங்க

2024 நவம்பர்ல ஒரு சனிக்கிழமை மதியம், பெரியப்பா பையன் போன் பண்ணினான். "அக்கா, அப்பாவுக்குப் பெருங்குடல்ல கேன்சராம். மூணாவது ஸ்டேஜ்ங்கிறாங்க. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். லேப்ராஸ்கோபியா ரோபோட்டிக்கான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். ரோபோட்டுக்கே ஓகே சொல்லிடவா?"

லேப்ராஸ்கோபிக்கு 3,20,000. ரோபோட்டிக்குக்கு 5,10,000. ஆடிட்டர்கிட்ட கேள்வி வந்ததுக்குக் காரணம் அந்த 1,90,000 ரூபாய்தான். "பாலிசி காப்பியை வாட்ஸ்அப்பில் அனுப்பு, அப்புறம் பேசலாம்" என்றேன்.

எந்த ஆபரேஷன் என்பதை சர்ஜன்தான் சொல்லணும். நான் சொல்லப்போவது பணம் பற்றி மட்டும்.

இரண்டுமே சிறு துளை ஆபரேஷன்தான். வயிற்றில் சில துளைகள், உள்ளே கேமரா. வெட்டிய குடல் துண்டை வெளியே எடுக்க மட்டும் கொஞ்சம் பெரிய கீறல். லேப்ராஸ்கோபியில் கருவிகள் சர்ஜன் கையில் இருக்கும். ரோபோட்டிக்கில் அவர் ஒரு கன்சோலில் உட்கார்ந்து இயந்திரக் கைகளை இயக்குவார். ஆபரேஷனை ரோபோட் தானாகச் செய்வதில்லை. ஆனால் இன்சூரன்ஸ் கண்ணுக்கு இரண்டும் ஒன்று கிடையாது. லேப்ராஸ்கோபி சாதாரண ஆபரேஷன் கணக்கில் வரும். ரோபோட்டிக், ஐஆர்டிஏஐ 2019-ல் 'நவீன சிகிச்சைகள்' என்று பட்டியல் போட்ட 12-ல் ஒன்று. பாலிசியில் இவற்றை மொத்தமாக ஒதுக்கக் கூடாது, ஆனால் சப்-லிமிட் வைக்கலாம் என்பது அந்த விதி. பெரியப்பாவின் பாலிசி 5 லட்சம். அதில் ரோபோட்டிக்குக்கு 50 சதவீதம், அதாவது 2,50,000தான். மீதி 2,60,000 நம்ம கையிலிருந்து!

சப்-லிமிட் இல்லாத பாலிசின்னா தப்பிச்சோமா? அங்கே வேற சிக்கல். 5 லட்சமும் ஒரே பில்லில் காலி. ஆபரேஷனோடு செலவு முடியும்னா பரவாயில்லை. மூணாவது ஸ்டேஜ் என்றால் அதற்குப் பிறகு பெரும்பாலும் கீமோ உண்டு, மூணு மாசமோ ஆறு மாசமோ. அதுவும் இதே சம் இன்ஷூர்டிலிருந்துதான் போகணும். ரீஸ்டோர் வசதி இருக்கே என்று சொல்லாதீங்க, பல பாலிசிகளில் அது அதே நோய்க்கு வேலை செய்யாது. படிச்சுப் பாருங்க.

"காசைப் பார்த்து அப்பாவுக்குக் குறைஞ்சதைச் செய்றோமோ?" என்று தம்பி கேட்டான். நியாயமான பயம். 2004-ல் வெளியான அமெரிக்காவின் காஸ்ட் ஆய்வில் 872 பெருங்குடல் கேன்சர் நோயாளிகள். லேப்ராஸ்கோபி, வயிற்றைத் திறந்து செய்வது, இரண்டிலும் கேன்சர் திரும்பி வந்த அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். லேப்ராஸ்கோபிக்காரர்கள் ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். ஆனால் பக்கத்து உறுப்புகளுக்குப் பரவிய முற்றிய கட்டிகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களிலேயே 21 சதவீதம் பேருக்கு நடுவில் திறந்த ஆபரேஷனாக மாற்ற வேண்டியிருந்தது. ரோபோட்டிக்கையும் லேப்ராஸ்கோபியையும் மலக்குடல் கேன்சரில் ஒப்பிட்ட ரோலார் ஆய்வு (2017, 471 பேர்) இப்படி மாற்ற வேண்டிவரும் அளவில் உறுதியான வித்தியாசம் எதையும் காட்டவில்லை. ஸோ, சர்ஜனிடம் தம்பியைக் கேட்கச் சொன்னது இரண்டே கேள்வி: "எங்க அப்பா கட்டிக்கு ரோபோட்டால் தனியா என்ன லாபம்? நடுவில் திறக்க வேண்டி வந்தா பில் எவ்வளவு ஆகும்?" முதல் கேள்விக்கு சர்ஜன், "இவருக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது, லேப்ராஸ்கோபியே செய்யலாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது ரூம். இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பாலிசியில் ரூம் வாடகை ஒரு நாளைக்கு 5,000. அட்மிஷன் கவுன்டரில் 8,000 ரூபாய் ரூமைப் போட்டிருந்தார்கள். "நாளைக்கு மூவாயிரம்தானே, நாம கொடுத்துக்கலாம்" என்றான் தம்பி. அப்படியில்லை. சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே எட்டில் ஐந்து பங்குக்குக் குறையும். அவை 2,40,000 என்றால் கிடைப்பது 1,50,000. ரூமால் மட்டும் 90,000 போச்சு! மருந்து, ஸ்டேப்லர், டெஸ்ட் பில்களில் இந்த வெட்டு கூடாது. ரூமுக்கு ரூம் ரேட் மாற்றாத ஆஸ்பத்திரியிலும் கூடாது. வெட்டியிருந்தால் எழுதிக் கேளுங்க. ராத்திரியே ரூம் மாத்தினோம்.

செவ்வாய்க்கிழமை கட்டி வயிற்றுச் சுவரில் ஒட்டியிருந்தது. பாதியில் திறந்துதான் செய்தார்கள். ஆறு நாள் ஒன்பது நாளாச்சு, பில் 3,75,000. முன்பே கேட்டு வைத்திருந்ததால் கூடுதல் அப்ரூவலுக்கு அன்றைக்கே லெட்டர் போச்சு. ஆபரேஷனுக்கு முன் எடுத்த கொலோனோஸ்கோபி, சிடி ஸ்கேன் பில்களையும் சேர்த்து க்ளெய்ம் பண்ணினோம். அதுக்கு ஒரிஜினல் பில் வேணும், தூக்கிப் போடாதீங்க.

கீமோ எட்டு சைக்கிள், மூணு வாரத்துக்கு ஒரு முறை. ஊசி டேகேரில் ஏறும், அது கவர் ஆச்சு. கூடவே வீட்டில் சாப்பிடும் கேப்சிடபின் மாத்திரை. 'ஓரல் கீமோதெரபி'யும் அதே 12-ல் ஒன்று, அதற்கும் தனி சப்-லிமிட். கையில் மிச்சமிருந்த சொச்சத்தில் மூணு சைக்கிள் ஓடியது. பிப்ரவரியில் பாலிசி ரினியூவலாகி புதுசா 5 லட்சம் வந்தது. க்ளெய்ம் வாங்கினார் என்பதற்காக ரினியூவலை மறுக்க முடியாது. ஆனால் பிரீமியம் தேதியை மறந்தால் காப்பாற்ற ஆளில்லை. தம்பி போனில் அலாரம் வைத்தது நான்தான்.

பாலிசியே இல்லாதவர்களுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். 70 வயது ஆனவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு, வருஷத்துக்கு 5 லட்சம்.

கடைசியா டேக்ஸ். பழைய ரெஜீமில் இருந்தால் கேன்சர் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு உண்டு: 40,000 வரை, நோயாளிக்கு 60 வயது ஆகியிருந்தால் 1,00,000 வரை. ஸ்பெஷலிஸ்ட் டாக்டரின் பிரிஸ்கிரிப்ஷன் வேணும், இன்சூரன்ஸில் வந்த தொகையைக் கழிச்சுக்கணும். தம்பி பாசத்தில் எல்லாவற்றையும் தன் கார்டிலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா பென்ஷன் வாங்குகிறவர், அவனைச் சார்ந்திருப்பவர் இல்லை. அதனால் அவனுக்கும் கழிவு கிடைக்காது. பணம் கட்டாததால் பெரியப்பாவுக்கும் கிடைக்காது. ரெண்டாவது சைக்கிளிலிருந்து பில்லை எல்லாம் பெரியப்பா பேங்க் அக்கவுன்ட்டிலிருந்தே கட்ட வைத்தோம். "என் காசு, என் வியாதி, நானே கட்டிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே பின் நம்பர் போட்டார் மனுஷன்.