வீட்டினுள் வளர்க்கும் போத்தல் தூரிகைச் செடிக்கு வேண்டிய வெயில்

போத்தல் கழுவும் தூரிகையை ஒத்த செந்நிறப் பூங்கொத்தைத் தருவதனால் இச்செடி போத்தல் தூரிகை எனப் பெயர் பெற்றது. இதனைச் சட்டியில் நட்டு வீட்டினுள் வைத்து அழகு பார்க்க விரும்புவோர் பலர். ஆயின் வாங்கும்போது பூத்திருந்த செடி, அறையினுள் வைத்தபின் மறுமுறை பூப்பதில்லை. சில மாதங்களில் இலையுதிர்த்துப் பட்டுப்போவதும் உண்டு. செடி சோர்வதைக் கண்டவர் நீர் போதவில்லையென எண்ணி மேலும் நீரூற்றுவர். நிழலில் நிற்கும் செடி சிறிதளவு நீரையே உறிஞ்சும். எஞ்சிய நீர் சட்டியில் தேங்க, வேர் அழுகும். பெரும்பாலும் குறை நீரிலன்று, வெயிலிலேயே உள்ளது.

செடியின் இயல்பு

இது அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிக்குரியது. திறந்த வெளியில் முழுவெயிலில் வளர்வது. பூவிற் செந்நிறமாகத் தோன்றுவன இதழ்களல்ல, கேசரங்களே. பூமொட்டுகள் கிளைகளின் நுனியில் உண்டாகின்றன. இலைகள் வெயிலில் ஆக்கும் உணவு போதாவிடில் நுனி நீளுமேயன்றி மொட்டுக் கொள்ளாது. நன்கு பூப்பதற்கு நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலமேனும் நேர்வெயில் வேண்டும்.

கண்ணை நம்பலாகாது

நண்பகல் வெயிலின் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஆகும். யன்னலிலிருந்து சில அடி தள்ளிய இடத்தில் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடும். நமது கண் இரண்டிற்கும் தன்னைப் பழக்கிக்கொள்வதால் அறை வெளிச்சமாகவே தோன்றும்; செடிக்கோ அது இருளாகும். செடிக்கு மேல் ஓரடி உயரத்திற் கையை நீட்டிப் பார்க்குக. விளிம்பு தெளிந்த கரிய நிழல் விழுந்தால் வெயில் உண்டு. மங்கிய நிழல் விழுந்தால், அன்றி நிழலே விழாவிட்டால், அவ்விடம் இச்செடிக்கு உதவாது.

இடந் தெரிதல்

சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வழியிற் செல்வதில்லை. ஏப்பிரல் முற்பாதியிலும், ஓகஸ்ட் இறுதி தொடக்கம் செப்டெம்பர் முதல் வாரம் வரையும் நண்பகலில் அது இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். செப்டெம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரை தென்பக்கமாகச் சாய்ந்து செல்வதனால், அக்காலத்தில் தெற்கு நோக்கிய விறாந்தையினுள் வெயில் புகும். மே முதல் ஜூலை வரை அதே விறாந்தை நிழலாகிவிடும். ஆதலின் மார்கழியில் நன்றாயிருந்த இடம் ஆனியிலும் நன்றாயிருக்குமென எண்ணலாகாது. கிழக்கு விறாந்தையின் ஓரம் ஆண்டு முழுவதும் காலை வெயில் பெறும். ஆயினும் அது மட்டும் போதாது.

இதற்குச் சிறந்த வழி இரண்டு சட்டிகளை வளர்ப்பதே. ஒன்று சில நாட்கள் வீட்டினுள் இருக்க, மற்றது முற்றத்து வெயிலில் நிற்கட்டும், பின்னர் மாற்றுக. வெளியே நிற்கும் காலம், உள்ளே நிற்கும் காலத்திலும் மும்மடங்காதல் நன்று. உள்ளே வைக்கும்போதும் யன்னலருகிலேயே வைத்தல் வேண்டும்.

வெயிலுக்குப் பழக்குதல்

நெடுநாள் நிழலில் நின்ற செடியை உடனே உச்சிவெயிலில் வைத்தால் இலைகள் கருகும். முதல் இரு நாட்களும் காலையில் ஒரு மணித்தியாலம் வைத்துப் பின்னர் நாளுக்குநாள் நேரத்தைக் கூட்டுக. பத்து அல்லது பன்னிரண்டு நாட்களில் முழுவெயிலுக்குப் பழகிவிடும். மாலை வெயில் மண்சட்டியைச் சூடாக்கி வேரைத் தாக்குமாதலின், சட்டிக்கு மட்டும் மறைப்பிடுதல் நன்று. வெயிலில் நிற்கும் செடிக்கு நீர் மிகுதியாக வேண்டும்; மேல்மண் ஓரங்குல ஆழத்துக்குக் காய்ந்ததும் ஊற்றுக.

கவனிக்க வேண்டிய குறிகள்

கணுக்களின் இடைவெளி நீளுதல், தண்டு யன்னற்பக்கம் சாய்தல், மொட்டின்மை ஆகியன வெயிற் குறைவின் குறிகளாம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாயிருப்பின் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவே. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாங்கான மண்ணிலும் கிணற்று நீரிலும் இக்குறை தோன்றக்கூடும். இதற்கு மழைநீரும் உக்கிய இலைமண்ணும் உதவும்.

பூ உதிர்ந்தவுடன் அதன் கீழே கிளையைக் கத்தரித்து, செடியை வெயிலில் வைக்குக. அங்கு துளிர்க்கும் கிளைகளே அடுத்த பூவைத் தருவன.

செடி வாங்குமுன் ஒருநாள் முழுவதும் வீட்டைச் சுற்றி வெயில் விழும் இடங்களை அவதானித்துக் கொள்க. ஆறு மணித்தியால வெயில் எங்கும் இல்லையாயின், நிழலை விரும்பும் பன்னங்களை வளர்ப்பதே பணத்துக்கும் செடிக்கும் நன்மையாம்.