சிலந்திக்கடியை அறிதலும் பேணுதலும்

நம் நாட்டுச் சிலந்திகளுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்வதில்லை. அவற்றின் நஞ்சு, பூச்சிகளை மடக்குவதற்கே அமைந்தது. மரப்பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி போன்ற சிலவே கடும் வலியும் தசைப்பிடிப்பும் உண்டாக்கக்கூடியவை.

உடையிலோ, காலணியிலோ, விறகுக் குவியலிலோ நசுங்க நேரும்போதுதான் சிலந்தி பெரிதும் கடிக்கிறது. கடித்த இடம் சிவந்து, வீங்கி, அரிக்கும். பொதுவாகச் சில நாட்களில் தணியும். அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஈரத்துணியை வைக்கவேண்டும். கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல், சுண்ணாம்பு தடவுதல் ஆகியவை கூடா. தசைப்பிடிப்போ, மிகு வியர்வையோ, பரவும் வீக்கமோ காணின் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கடித்த சிலந்தியைக் கண்ணால் காணாதபோது, சிலந்திக்கடியே எனத் துணிதல் தவறு. தமிழில் கட்டிக்கும் சிலந்தி என்னும் பெயர் உண்டு. அக்கியும் சீழ்க்கட்டியும் சிலந்திக்கடியாகக் கருதப்படுவதுண்டு. இவற்றினும் ஆபத்தானது கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் உறங்குவோரை அது கடித்தால் வலி தெரியாதிருக்கலாம். பல்தடமும் புலப்படாமற் போகலாம். பின்னர் வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க இயலாமை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், தாமதமின்றி நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்னும் 4 பாம்புகளின் நஞ்சுக்குரிய அம்மருந்து சிலந்திக்கடிக்குப் பயன்படாது.

காலணியை உதறி அணிதலையும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கையின்கீழ்ச் செருகி உறங்குதலையும் ஆசிரியர்கள் மாணவர்க்குப் பழக்குவார்களாக.