காற்று கொண்டு சேர்க்கும் தீவுகள்

இயந்திரப் படகு எரிபொருள் கிடைக்கும் துறைமுகத்தை விட்டு வெகுதூரம் செல்ல முடியாது. பாய்மரப் படகுக்கு அந்தக் கவலை குறைவு. ஆகவேதான் விமான சேவையோ பயணிகள் கப்பலோ இல்லாத தீவுகளைக் காண விரும்பும் கடலோடிகள் இன்றும் பாயையே நம்புகின்றனர். அவர்கள் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று நமது இந்து சமுத்திரத்திலேயே உள்ளது. அதுவே சாகோஸ் தீவுக்கூட்டம்.

மாலைதீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தொலைவில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு முருகைக்கல் தீவுகளாக அது பரந்து கிடக்கிறது. இலங்கையிலிருந்தோ மாலைதீவிலிருந்தோ புறப்படும் படகுகளை வடகீழ்ப் பருவக்காற்று தெற்கே தள்ளிச் செல்லும். மத்திய கோட்டை அண்மித்ததும் காற்று ஓய்ந்து, திடீர் மழைப்புயல்கள் குறுக்கிடும். அதனையும் கடந்து சாகோஸை அடைவோர், தென்கீழ் வியாபாரக் காற்று வலுப்பெறும்வரை அங்கே தங்கி, பின்னர் மேற்கே சீஷெல்ஸை நோக்கிப் பாய் விரிப்பர். ‘மொன்சூன்’ என்ற சொல்லே பருவம் எனப் பொருள்படும் ‘மவ்ஸிம்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான். அன்றைய அரபு மாலுமிகளும் இக்காற்றுகளின் காலமறிந்தே பயணித்தனர்.

அங்கு கடையில்லை, எரிபொருளில்லை, வைத்தியருமில்லை. உணவையும் மருந்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். மழைநீரைச் சேமிக்க வேண்டும். நீருக்கடியிலுள்ள முருகைக்கற்கள் கண்ணுக்குத் தெரியும்படி, சூரியன் உச்சியில் நிற்கும்போதே களப்பினுள் நுழைய வேண்டும். பிரித்தானிய நிர்வாகம் இத்தகைய படகுகளுக்கு, காப்புறுதி முதலிய நிபந்தனைகளுடன், அதிகபட்சம் 28 நாட்கள் தங்க அனுமதி வழங்கி வந்தது.

இவ்விடத்தில்தான் என் மனம் தடுமாறுகிறது. படகுகள் நங்கூரமிடும் சாலமன் தீவுவளையத்திலுள்ள பொடாம் தீவில் பாழடைந்த தேவாலயமும் மயானமும் உள்ளன. அப்படியாயின் அங்கு வாழ்ந்தவர்கள் எங்கே?

தென்னந்தோட்டங்களில் உழைத்துத் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த மக்களை, டியகோ கார்சியாவில் அமெரிக்க இராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968 முதல் 1973 வரையான காலத்தில் பிரித்தானியா வெளியேற்றியது. அவர்கள் மொரிசியஸிலும் சீஷெல்ஸிலும் வறுமையில் வாடினர். 2006ஆம் ஆண்டு அவர்களுள் சுமார் நூறு பேருக்கு, மூதாதையரின் மண்ணறைகளைத் தரிசித்துத் திரும்பச் சில நாட்கள் மட்டுமே அனுமதி கிடைத்தது. பிரித்தானியா தனது நிர்வாகத்தை இயன்றளவு விரைவில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என 2019இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது.

“ஆளற்ற சொர்க்கம்” என்று இத்தகைய தீவுகளை வர்ணிப்பது எளிது. ஆனால் சாகோஸ் இயல்பாக ஆளற்றதல்ல, ஆளற்றதாக ஆக்கப்பட்டது. ஊர் சுற்ற வந்தவருக்கு நான்கு வாரங்களும், ஊருக்குரியவருக்குச் சில நாட்களும் என்பது என்ன நியாயம்? காற்றை அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றாகவே அல்குர்ஆன் காட்டுகிறது. அது எவரிடமும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. கேட்பவன் மனிதனே. ஆதலால், தொலைதூரத் தீவொன்றின் அழகை இனி வாசிக்கும்போதெல்லாம், அதன் மயானத்தில் உறங்குவோரின் பிள்ளைகள் இப்போது எங்கே என்பதையும் நான் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.