கைப்பக்குவமும் கல்வியும்

ஒரே அரிசி, ஒரே பருப்பு, ஒரே புளி. ஆயினும் ஒருவர் வைத்த குழம்பு தெருவரை மணக்கிறது. மற்றொருவர் வைத்ததை வாயில் வைக்க முடிவதில்லை. காரணம் யாது என்று கேட்டால், "எல்லாம் கைப்பக்குவம்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவார்கள். அது பிறவியிலேயே அமைவது, பாட்டியிடமிருந்து தாய்க்கும் தாயிடமிருந்து மகளுக்கும் நகைபோல இறங்கி வருவது என்பது நம்மிற் பலருடைய எண்ணம். இந்த எண்ணம் தீங்கற்றது என்று நான் கருதவில்லை. கை வரவில்லை என்று நம்பிவிட்ட பெண் முயற்சியையே கைவிட்டு விடுகிறாள். ஆண்பிள்ளைக்கோ அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்கவும் தோன்றுவதில்லை. வெளியூரில் தனியாகத் தங்கிப் படிக்க நேரும்போது, கையில் காசிருந்தும் வயிறார உண்ண வகையறியாமல் திண்டாடுகிறான்.

முப்பத்தேழு வயதுவரை சமையல் தெரியாதிருந்து, பிறகு மாணவியாகப் பள்ளியிற் சேர்ந்து கைப்பக்குவம் பெற்ற ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ஜூலியா சைல்ட். 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துப் பாஸடீனா நகரிற் பிறந்தவர். செல்வக் குடும்பம், வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. கல்லூரிப் படிப்பை 1934-இல் முடித்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது தம் நாட்டு உளவுத் துறையில் அலுவல் ஏற்று, 1944-இல் நமக்கு அண்டையிலுள்ள இலங்கைக்கு, கண்டி நகருக்கு வந்து சேர்ந்தார். அங்கே இரகசியக் கடிதங்களையும் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திக் காப்பது அவருடைய வேலை. பிற்காலத்தில் அவர் எழுதிய சமையல் குறிப்புகளில் ஒரு படிகூட விட்டுப்போகாமல் எல்லாம் வரிசையாக அமைந்திருப்பதைக் காணும்போது, அது கண்டி அலுவலகத்துப் பழக்கமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பால் சைல்ட் என்பாரை அவர் சந்தித்ததும் கண்டியிலேதான். 1946-இல் இருவரும் மணந்துகொண்டனர். 1948-இல் கணவருக்குப் பாரிஸ் நகரில் அரசாங்க அலுவல் கிடைத்தது. பிரான்சில் வந்திறங்கிய அன்றே, வழியில் ரூவான் நகரத்து உணவு விடுதி ஒன்றில், வெண்ணெயில் பொரித்த மீனை உண்டார். உணவு இப்படியும் இருக்கக்கூடுமா என்ற வியப்பே அவருக்கு முதற் பாடமாயிற்று.

1949-இல் பாரிசிலுள்ள 'கார்டோன் புளூ' என்ற சமையற் பள்ளியிற் சேர்ந்தார். அது 1895-இல் தொடங்கப்பெற்ற பள்ளி. முதலில் அவரை இல்லத்தரசிகளுக்கான வகுப்பில் அமர்த்தினார்கள். அது அவருடைய பசிக்குப் போதவில்லை. தொழில்முறைச் சமையல் கற்கவந்த முன்னாள் அமெரிக்கப் போர்வீரர்களின் வகுப்புக்கு மாறிக்கொண்டார். அத்தனை ஆடவர்க்கிடையே அவர் ஒருவரே பெண். ஆசிரியர் மாக்ஸ் புய்ஞார் முதியவர். லண்டனில் எஸ்காஃபியே என்ற பெரும் சமையற் கலைஞரிடம் பணியாற்றியவர்.

அவ்வாசிரியர் கற்பித்தவற்றுள் முட்டைக் கிளறலும் ஒன்று. இதிற் கற்க என்ன இருக்கிறது என்று நாம் நினைப்போம். ஜூலியாவும் அப்படியே நினைத்தாராம். ஆசிரியரோ வாணலியில் வெண்ணெய் தடவி, முட்டையை ஊற்றி, தீயை மிகவும் தணித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முட்டை திரளத் தொடங்கியதும் விரைந்து கிளறினார். வாணலியை அடுப்பிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். இதற்கு இரசாயனக் காரணம் உண்டு. முட்டையிலுள்ள புரதங்கள் ஏறத்தாழ 60 முதல் 70 செல்சியஸ் வரையுள்ள வெப்பத்திலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு திரள்கின்றன. வெப்பம் மெல்ல ஏறினால் அந்த வலைப்பின்னல் தளர்வாக இருந்து, நீரைத் தன்னுள்ளே தாங்கிக்கொள்கிறது. முட்டை வெண்ணெய்போல் குழைகிறது. தீ கடுமையானால் வலை இறுகி நீரைப் பிழிந்து தள்ளிவிடும். மிஞ்சுவது இரப்பர்போன்ற கட்டி. கைப்பக்குவம் என்று நாம் வியக்கும் பல செயல்களுக்குள் இப்படி ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது.

வகுப்பிற் கண்டதை ஜூலியா வீட்டில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்தார். முட்டை மஞ்சட்கருவில் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றி அடித்துச் செய்யும் 'மயோனேஸ்' என்ற குழைவு, அதுவரை நன்றாக வந்துகொண்டிருந்தது, ஒரு பருவத்தில் திடீரெனத் திரிந்து போகத் தொடங்கியது. கை கெட்டுவிட்டது என்று அவர் கலங்கவில்லை. கிண்ணம், முட்டை, எண்ணெய் ஆகிய ஒவ்வொன்றின் சூட்டையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்; குளிர்ந்த கிண்ணமும் குளிர்ந்த முட்டையும் எண்ணெயை ஏற்க மறுக்கின்றன என்று கண்டார். இதற்குள் தம்பதியர் இருவருக்கும் அதை உண்டு உண்டு அலுத்துவிட்டது. சோதனைக்குச் செய்த மயோனேஸ் கழிப்பறைத் தொட்டிக்குப் போயிற்று!

1951-இல் தேர்வு வந்தது. அரிய பெரிய பதார்த்தங்களைச் செய்யச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துச் சென்றார். பள்ளி தந்திருந்த சிறு கைப்புத்தகத்திலுள்ள எளிய பதார்த்தங்களையே கேட்டார்கள். அவற்றின் அளவுகளை அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை, தோற்றுப் போனார். தேர்வில் தோற்ற மாணவர்களுக்கு இச்செய்தி ஓர் ஆறுதல் என்றாலும், அதற்கடுத்து அவர் செய்ததையும் சேர்த்தே சொல்லவேண்டும். சின்னப் புத்தகம்தானே என்று ஒதுக்கிய அதனை வரிவரியாகப் படித்தார், செய்து பழகினார், மறுமுறை எழுதித் தேறினார்.

வகுப்பு கைக்குப் பயிற்சி தரும். மூக்குக்குப் பயிற்சி தருவது பச்சிலை. பிரெஞ்சுச் சமையலில் மணத்தழைகளை இருவகையாகக் கையாளுகிறார்கள். தைம், பே மரத்தின் இலை, பார்ஸ்லித் தண்டு ஆகியவற்றை நூலாற் கட்டி, குழம்பு கொதிக்கத் தொடங்கும்போதே போட்டு, இறுதியில் எடுத்துவிடுவது ஒன்று. செர்வில், டாரகன் முதலிய மெல்லிய இலைகளைப் பொடியாக நறுக்கி, இறக்கும் தறுவாயில் தூவுவது மற்றொன்று. மெல்லிலைகளின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களிலே இருக்கிறது. கொதியில் அது பறந்துவிடும். நம் வீட்டில் கறிவேப்பிலையை எண்ணெயில் தாளிப்பதும், கொத்துமல்லியை இரசத்தை இறக்கிய பின்னர்க் கிள்ளிப் போடுவதும் இதே நுட்பமன்றோ?

இத்தழைகளை வளர்க்கத் தோட்டம் வேண்டுவதில்லை. வெயில் படும் சன்னலொன்று போதும். ஆனால் வீட்டிற்குள்ளே வெளிச்சம் எவ்வளவு குறைவு என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. செடிக்குத் தெரியும். தண்டு வெளிறி நீண்டு சன்னலை நோக்கிச் சாயுமாயின், ஒளி போதவில்லை என்று அது சொல்கிறது என அறியலாம். இரண்டொரு நாளுக்கு ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைக்கவேண்டும். தொட்டியின் அடியில் துளை இன்றியமையாதது. வீட்டிற்குள் வளரும் செடிகள் தண்ணீர் இல்லாமற் சாவதைவிட, மிகுதியான தண்ணீரில் வேர் அழுகிச் சாவதே பெரும்பான்மை. புதினா ஈரத்தை விரும்பும். மத்தியதரைக் கடலோரத்து வறண்ட சரிவுகளில் வளர்ந்து பழகிய தைமும் ரோஸ்மேரியும் மண் காய்ந்த பின்னரே நீர் கேட்கும். இலை வேண்டும்போது அடியிலைகளைப் பறித்து மொட்டையாக்கலாகாது. நுனிக் கொழுந்தைக் கிள்ளினால், அது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஆட்சி நீங்கி, ஒரு தண்டு இரு கிளையாகும். பறிப்பதே செடியை வளர்க்கும் வழியாகிறது.

இனி ரொட்டிக்கு வருவோம். ஜூலியா, சிமோன் பெக், லூயிசெத் பெர்த்தோல் ஆகிய மூவரும் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூல் 1961-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. பின்னர் இரண்டாம் தொகுதிக்குப் பிரெஞ்சு ரொட்டியையும் சேர்க்கவேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டுக்கொண்டார். பிரான்சில் நீண்ட ரொட்டியை எவரும் வீட்டிற் சுடுவதில்லை. தெருவுக்குத் தெரு ரொட்டிக் கிடங்கு இருக்கும்போது எதற்காகச் சுடவேண்டும்? ஆதலால் வீட்டு முறை என்று ஒன்று எழுதப்படவே இல்லை. அதனைக் கண்டறியக் கணவனும் மனைவியுமாகச் செலவிட்டது இரண்டு ஆண்டு. மாவு 284 ராத்தல், அதாவது ஏறத்தாழ 129 கிலோகிராம்.

இடரின் தன்மையை அறிய நம் இட்டிலியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இட்டிலி மாவில் பாக்டீரியாக்கள் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்திலுள்ள வழுவழுப்பான பொருள் அவ்வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரொட்டியில் வாயுவை உண்டாக்குவது ஈஸ்ட் என்ற நுண்ணுயிர். அதைப் பிடித்து வைப்பது, கோதுமை மாவை நீர்விட்டுப் பிசையும்போது தோன்றும் 'குளூட்டன்' என்ற இழுபடும் வலை. மாவு உப்புவதற்கு நேரம் கொடாமல் அவசரப்பட்டால் ரொட்டி உப்பினாலும் சுவை பிறப்பதில்லை. சைல்ட் தம்பதியர் வீட்டிற் சுட்டவை முதலில் மனம்போல வரவில்லை. 1967-இல் பாரிசுக்குச் சென்று, ரொட்டிக் கலையைப் போதித்த ரேமோன் கல்வெல் என்ற பேராசிரியரிடம் மறுபடியும் மாணவியானார் ஜூலியா. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தொலைக்காட்சி வாயிலாக அமெரிக்கா முழுதும் அறிந்த ஆசிரியை! மாவு கையில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாக இருக்கவேண்டும், மெதுவாகப் பலமுறை உப்பவேண்டும், உருட்டும்போது மேற்பரப்பு விறைப்பான தோல்போல் இழுபடவேண்டும் என்பவற்றை அங்கே கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறிந்தார்.

எஞ்சியது நீராவி. இட்டிலி நீராவியிலேயே வேகிறது. 100 செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறாததால் வெண்மையாகவே இருக்கிறது. ரொட்டியின் பொன்னிறமும் மணமும், புரதமும் சர்க்கரையும் கடும் வெப்பத்திற் கலந்து நிகழும் மாற்றத்தால் வருபவை. 1912-இல் இதனை ஆராய்ந்து கூறிய பிரெஞ்சு அறிஞர் மெயார் பெயரால் அது வழங்குகிறது. அதற்கு உலர்ந்த சூடு வேண்டும். ஆனால் முதற் சில நிமிடங்களுக்கு நீராவியும் வேண்டும். அது மேல்தோலை ஈரமாக வைத்தால்தான் உள்ளேயிருக்கும் வாயு விரிய இடம் கிடைக்கும். இல்லையேல் தோல் முந்தி இறுகி ரொட்டியை நெரித்துவிடும். ரொட்டிக் கிடங்கின் அடுப்பில் நீராவி செலுத்தக் கருவி உண்டு; வீட்டடுப்பில் இல்லை. வழி மிக எளிதாக அமைந்தது. நன்றாகப் பழுக்கக் காய்ச்சிய செங்கல்லை அடுப்பினுள் வைத்த தண்ணீர்த் தட்டில் போட்டார்கள். 'உஸ்' என்று எழுந்த ஆவி அடுப்பை நிறைத்தது.

அந்த முறை 1970-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில் பல பக்கங்களுக்கு, படங்களோடு விரிகிறது. சுட்டு எடுத்ததும் பசியோடு கத்தியை எடுப்பவருக்கும் ஒரு செய்தி உண்டு. ரொட்டி வெளியே வந்த பின்னரும் அதன் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆவி வெளியேறி, மாச்சத்து உறுதிபட இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அருகிலிருந்து செவிகொடுத்தால், ஆறும் மேல்தோல் மெல்ல மெல்ல வெடிக்கும் ஓசை கேட்கும்.